அக்கவுண்ட் இருக்கு, மாசம் பணமும் வருது, அப்புறம் ஏன் இன்னும் தண்டல்?

நீங்க கேட்டது இதுதான்: எங்க பெரியம்மா மார்க்கெட் வாசல்ல பூ கட்டி விக்கிறாங்க, ஜன் தன் அக்கவுண்ட் இருக்கு, உரிமைத்தொகை ஆயிரம் ரூபா மாசா மாசம் ஏறுது, ஆனா கைல காசு தட்டுப்பாடுன்னா இன்னும் தண்டல்காரர்கிட்ட தான் போறாங்க, அப்ப எல்லாரையும் பேங்குக்குள்ள கொண்டு வந்தாச்சுன்னு சொல்றது சும்மா கணக்கு காட்டுறதுக்கா?

நான் 22 வருஷம் பேங்க் வேலை பார்த்தேன், முக்காவாசி கிராமக் கிளை, மீதி சின்ன டவுன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஒரு வரில சொன்னா தப்பா போயிடும். சும்மா கணக்கு இல்ல, நிஜமாவே பெரிய வேலை நடந்திருக்கு. ஆனா நடந்த வேலை ஒண்ணு, உங்க பெரியம்மாவுக்கு வேண்டியது வேற ஒண்ணு.

முதல்ல தண்டல் கணக்கையே பாப்போம். பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு ஒன்பதாயிரம் கைல குடுப்பாங்க, தினம் நூறு ரூபா வீதம் நூறு நாள் கட்டணும். கேக்குறதுக்கு ஆயிரம் ரூபா வட்டி தானேன்னு தோணும். ஆனா மறுநாள்லேர்ந்தே அசலும் சேர்ந்து குறைஞ்சுக்கிட்டே வருதுல்ல, அப்ப சராசரியா உங்க கைல நின்ன பணம் நாலாயிரத்தி ஐநூறு, நாலாயிரத்தி அறுநூறு தான். அதுக்கு நூறு நாளைக்கு ஆயிரம் ரூபா வட்டி. வருஷத்துக்குப் போட்டா 80% கிட்ட வரும். பத்து வட்டிக்கு, அதாவது மாசம் நூத்துக்குப் பத்து ரூபா வட்டிக்கு வாங்குனா, வருஷத்துக்கு 120%, அதையும் வாங்குறவங்க இருக்காங்க. பேங்க்ல நகைக்கடன் இதுல எட்டுல ஒரு பங்கு கூட வராது.

இது உங்க பெரியம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, நல்லாவே தெரியும். காலைல நாலு மணிக்குப் பூ ஏலம் எடுக்கணும், அந்த நேரத்துல காசு வேணும், தண்டல்காரர் சாயங்காலம் கடை வாசலுக்கே வருவார், ஒரு நோட்டுல எழுதுவார், கைல குடுப்பார். தினம் வர்ற வருமானத்துக்கு தினம் கட்டுற கடன் பொருந்துது. முகூர்த்த நாள்ல ரெண்டு நாள் காசு சேர்த்துக் கட்டலாம், ஆடி மாசம் வியாபாரம் இல்லன்னா கெஞ்சி ரெண்டு நாள் தள்ளிக் கேக்கலாம். அவங்க குடுக்குற 80% இருக்கே, அது இந்த வேகத்துக்கும் வசதிக்கும் குடுக்குற விலை. பேங்க் அந்த வேகத்துக்கும் வசதிக்கும் பக்கத்துல கூட வரல, அதான் விஷயம்.

இப்ப பேங்க் எங்கேர்ந்து எங்க வந்துச்சுன்னு பாத்தா தான் நியாயமா பேச முடியும். 1951ல ரிசர்வ் பேங்க் எடுத்த கிராமக் கடன் சர்வேல, கிராமத்து மொத்தக் கடன்ல அரசு, கூட்டுறவு, பேங்க் மூணும் சேர்ந்தே 7% சொச்சம் தான், மீதி எல்லாம் வட்டிக்காரர், வியாபாரி, மிராசுதார், சொந்தக்காரங்க. 1969 ஜூலை 19ல 14 பேங்க்கை நாட்டுடமை ஆக்குனாங்க, அப்ப நாடு முழுக்க இருந்த கிளை 8,262. 1977லேர்ந்து ஒரு ரூல் போட்டாங்க, ஏற்கனவே பேங்க் இருக்குற ஊர்ல ஒரு கிளை திறக்கணும்னா பேங்கே இல்லாத ஊர்ல நாலு கிளை திறந்தாகணும். 1990க்குள்ள 59,000 தாண்டிடுச்சு. பல ஊருக்கு முதல் முதலா ஒரு அரசு ஆபீஸ்னு வந்ததே பேங்க் கிளையா தான் இருந்திருக்கும். அந்த ரூலை 1990ல விட்டாங்க, அதுக்கப்புறம் லாபம் எங்கயோ கிளை அங்க.

2005ல ரிசர்வ் பேங்க் மினிமம் பேலன்ஸ் இல்லாத சாதா அக்கவுண்ட் குடுங்கன்னு சொல்லுச்சு. வீட்டுக்கு வீடு அக்கவுண்ட் குடுத்து முடிச்ச முதல் ஊர்களுக்குப் பேர் போனது நம்ம பக்கத்துல புதுச்சேரில இருக்குற மங்கலம் கிராமம், இந்தியன் பேங்க் செஞ்சது. இந்தத் துறைல இருக்குறவங்களுக்கே பாதிப் பேருக்கு இது ஞாபகம் இருக்காது. அப்புறம் 2014 ஆகஸ்ட் 28, ஜன் தன். முதல் நாள்லயே ஒன்றரைக் கோடி அக்கவுண்ட். இன்னைக்கு 50 கோடியைத் தாண்டியாச்சு, அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க பேர்ல. உலக வங்கி கணக்குப்படி 2011ல இந்தியால பெரியவங்கள்ல 35% பேருக்குத் தான் அக்கவுண்ட், 2017ல 80%. ஆம்பள பொம்பள இடைவெளி 2014ல 20 பாயிண்ட் இருந்தது 2017ல 6க்கு இறங்குச்சு. மூணே வருஷத்துல!

இதனால என்ன ஆச்சுன்னு கேட்டா, பணம் வர்ற வழி சரியாச்சு. 2020ல ஊரடங்குல ஏப்ரல்லேர்ந்து மூணு மாசம், மாசம் ஐநூறு ரூபா, சுமார் 20 கோடி பொம்பளைங்க ஜன் தன் அக்கவுண்ட்ல நேரா ஏறுச்சு. ஐநூறு பத்துமான்னா பத்தாது. ஆனா எல்லாம் மூடிக் கிடந்த நேரத்துல நடுவுல ஒரு ஆள் கை வைக்காம அவ்ளோ பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சே, 1990ல அதை நினைச்சே பாத்திருக்க முடியாது. நூறு நாள் வேலைக் கூலியை முன்னாடி கைல குடுத்தப்ப எவ்ளோ பிடிச்சாங்கன்னு கிராமத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச உரிமைத்தொகை ஒரு கோடிக்கும் மேல பெண்களுக்கு அவங்க பேர்லயே போச்சு, புருஷன் கைக்குப் போகாம. உங்க பெரியம்மாவுக்கு அந்த ஆயிரம் ரூபா அவங்க காசு, அதை லேசா நினைக்காதீங்க.

ஆனா உரிமைத்தொகை முதல் மாசமே என்ன நடந்துச்சு, சில பேங்க்ல மினிமம் பேலன்ஸ் இல்லன்னு ஃபைன், எஸ்எம்எஸ் சார்ஜ் அது இதுன்னு ஏறுன ஆயிரத்துலேர்ந்தே பிடிச்சுட்டாங்க, மாநில நிதியமைச்சரே கண்டிச்சுப் பேசுற அளவுக்குப் போச்சு. "கம்ப்யூட்டர் தானா பிடிச்சதும்மா"ன்னு சொல்வாங்க கவுண்டர்ல. நானும் சொல்லியிருக்கேன், அது உண்மையும் கூட. ஆனா அந்த அம்மாவுக்கு அது என்ன பதில்? இதுல முக்கால்வாசி பேருக்குத் தெரியாத விஷயம், மினிமம் பேலன்ஸே தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு 2012லேர்ந்து எல்லா பேங்க்லயும் யார் கேட்டாலும் குடுத்தாகணும், ஜன் தன்னு பேர் இருக்கணும்னு கூட இல்ல. பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை அதுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கலாம். எழுதிக் குடுக்கலாம்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அவ்ளோதான்.

இன்னொண்ணு கைரேகை. ஊர்ல பேங்க் முகவர் ஒரு சின்ன மிஷின் வச்சுக்கிட்டு ஆதார் நம்பரும் ரேகையும் வாங்கிப் பணம் குடுப்பார்ல, நல்ல ஏற்பாடு, பஸ் ஏறிப் போக வேண்டாம். ஆனா களை எடுத்து, செங்கல் சுமந்து, பாத்திரம் தேய்ச்சு ரேகை தேஞ்ச விரலுக்கு அந்த மிஷின் கிட்ட பதில் இல்ல. அறுபது வயசுக்கு மேல ஆனவங்க நாலு விரலையும் மாத்தி மாத்தி வச்சுட்டு "நாளைக்கு வாம்மா"ன்னு திரும்பிப் போறதை நிறையப் பாத்திருக்கேன். உழைச்சு உழைச்சு ரேகை தேஞ்சவங்களுக்குத் தான் இந்தப் பணமே, அவங்க ரேகை தான் மிஷின்ல விழ மாட்டேங்குது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

சரி, உங்க கேள்விக்கு நேரா வர்றேன், கடன். ஜன் தன் அக்கவுண்ட்ல ஓவர்டிராஃப்ட்னு ஒண்ணு இருக்கு, அதாவது அக்கவுண்ட்ல காசு இல்லன்னாலும் எடுத்துட்டு அப்புறம் கட்டுற கடன், 2018லேர்ந்து பத்தாயிரம் ரூபா வரைக்கும். ஆறு மாசம் அக்கவுண்ட்டை ஒழுங்கா நடத்தியிருந்தா கேக்கலாம், ஒரு வீட்டுக்கு ஒருத்தர், அதுலயும் வீட்டுப் பொம்பளைக்கு முன்னுரிமை. ரெண்டாயிரம் வரைக்கும் கேள்வியே கேக்கக் கூடாது. பாருங்க, உங்க பெரியம்மா தண்டல்ல வாங்குற தொகை தான் இது, அச்சா அதே பத்தாயிரம். இதை எத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னு பாத்தா மொத்த அக்கவுண்ட்ல ரொம்ப ரொம்பக் கொஞ்சம். நாங்களா கூப்பிட்டுக் குடுக்க மாட்டோம், அவங்களுக்குக் கேக்கத் தெரியாது. மேனேஜர் பக்கத்துலேர்ந்து யோசிச்சா, பத்தாயிரம் ரூபா கடனுக்கு ஆகுற பேப்பரும் நேரமும் பத்து லட்சம் கடனுக்கு ஆகுற அதே அளவு, வட்டி வருமானம் நூறுல ஒரு பங்கு, அது வராக்கடன் ஆச்சுன்னா மேலேர்ந்து வர்ற கேள்வி மட்டும் அதே மாதிரி. கிளைல ஆளும் கம்மி. அக்கவுண்ட் திறக்க டார்கெட் போட்டாங்க, வாரா வாரம் கேட்டாங்க, அதனால நடந்துச்சு. ஜீரோ பேலன்ஸ் கணக்கு அதிகமா தெரியக் கூடாதுன்னு ஒரு ரூபா போட்டு வச்ச விவகாரம் 2016ல பேப்பர்ல வந்துச்சே, டார்கெட் அந்த அளவுக்கு அழுத்துச்சு. ஏழைக்கு ஓவர்டிராஃப்ட் எத்தனை குடுத்தன்னு என்னை ஒரு மீட்டிங்ல கூட யாரும் கேட்டதில்ல.

ஒரு விஷயம் சொல்லணும். ஒரு நாள் மதியம் ஒரு அம்மா வந்தாங்க, பேரனை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, எட்டாயிரம் வேணும், அக்கவுண்ட் இங்க தான் சார் இருக்குன்னாங்க. நான் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாம, வருமானத்துக்கு என்னம்மா ஆதாரம் இருக்கு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ கொண்டு வாங்க, திங்கக்கிழமை பாக்கலாம்னேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் போற வழில அடகுக் கடைலேர்ந்து அவங்க இறங்கி வர்றதைப் பாத்தேன், காதுல தோடு இல்ல, வேப்பங்குச்சி சொருகியிருந்துச்சு. என்னைப் பாத்துட்டு, "பரவால்ல சார், காசு கிடைச்சிருச்சு"ன்னாங்க. நான் ரூல்படி தான் நடந்தேன். ஆனா அவங்களுக்கு அந்த அக்கவுண்ட் அன்னைக்கு எதுக்குமே ஆகலயே. ஒருத்தரை பேங்குக்குள்ள சேர்த்தாச்சான்னு எனக்குத் தெரிய, அன்னைலேர்ந்து நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், இன்னைக்கு ராத்திரிக்குள்ள அவருக்குப் பத்தாயிரம் வேணும்னா எங்க போவார்?

இதுல பணத்தை விட மனுஷ விஷயம் அதிகம். எங்க கிளைல மேனேஜர் டேபிளுக்கு முன்னாடி ரெண்டு சேர் காலியா இருக்கும், காலனிலேர்ந்து வர்ற ஆளுங்க உக்கார மாட்டாங்க, நின்னுக்கிட்டே பேசுவாங்க, நாம சொன்னாலும் "பரவால்லங்க" தான். ஊர்ல உக்காராதேன்னு பழக்கி வச்சது பேங்க் வாசப்படி தாண்டுனா மட்டும் மாறிடுமா? ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான தாட்கோ மூலமா வர்ற லோன் விண்ணப்பம்னா மானியத்தை அரசு குடுக்கும், கடனை பேங்க் குடுக்கணும், அந்த ஃபைல் மேசை மேலயே மாசக்கணக்கா கிடக்கும், அதே கிளைல ஊர்ப் பெரியவர் டிராக்டர் லோன் ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். யாரும் சாதி பாத்து மறுத்தேன்னு சொல்ல மாட்டாங்க, ஜாமீன் இல்ல, சிபில் (முன்னாடி கடனை எப்படிக் கட்டுனாங்கன்னு காட்டுற மார்க்) இல்லம்பாங்க. குத்தகைக்கு உழுறவரை எடுத்துக்கோங்க, நாலு ஏக்கர் உழைப்பு அவரோடது, பட்டா சிட்டா இன்னொருத்தர் பேர்ல, நிலத்துக்காரர் குத்தகைன்னு எழுதிக் குடுக்க பயப்படுவார், அப்ப பயிர்க்கடன் யாருக்குப் போகும்? நிலத்துக்காரருக்கு. உழுறவர் உரக்கடைல வட்டிக்கு எடுப்பார், அறுவடைய அந்தக் கடைக்காரர் சொன்ன விலைக்கே குடுப்பார். திருநங்கைகளுக்கு ஃபார்ம்ல மூணாம் பாலினம்னு ஒரு கட்டம் போடுங்கன்னு ரிசர்வ் பேங்க் சொன்னதே 2015ல தான். அதுவரைக்கும் அவங்க எந்தக் கட்டத்துல டிக் போட்டாங்க? பொய்யா ஒண்ணுல போட்டாங்க, இல்ல உள்ளயே வரல.

2019ல அரசு எடுத்த கடன் சர்வேல கிராமத்துக் கடன்ல 66% பேங்க், கூட்டுறவு மாதிரி முறையான இடத்துலேர்ந்து வருதுன்னு வந்துச்சு. 7%லேர்ந்து 66%, ரொம்ப நல்லது. ஆனா அது பணத்துக் கணக்கு, ஆள் கணக்கு இல்ல. சொத்து இருக்குறவர் பெரிய தொகையா பேங்க்ல வாங்குறார், சொத்து குறையக் குறைய வெளிக்கடன் பங்கு கூடும். மீதி இருக்குற 34% வெளிக்கடன், உங்க பெரியம்மா வாங்குறதும் அந்த வகை தான்.

இதுக்கு பதில் இல்லாம இல்ல, நம்ம ஊர்லயே ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. 1989ல தருமபுரி மாவட்டத்துல, ஐநா அமைப்பான ஐஃபாட் உதவியோட, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பெண்கள் சுய உதவிக் குழு ஆரம்பிச்சாங்க. பன்னெண்டு, பதினைஞ்சு, இருபது பேர், வாரம் ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பு, அவங்களுக்குள்ளயே கடன், அந்தக் கணக்கு நோட்டைப் பாத்து பேங்க் கடன். 1992ல கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு இதை நாடு முழுக்க எடுத்துப் போச்சு, முதல்ல 500 குழு தான் இலக்கு. சொத்து, ஜாமீன், படிப்பு எதுவும் கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அதான் ஜாமீன். சமீப வருஷங்கள்ல வராக்கடன் 2, 3% அளவுல தான் இருந்திருக்கு, பெரிய பெரிய கம்பெனிக் கடனெல்லாம் எப்படிப் போச்சுன்னு நமக்குத் தெரியும்ல. நான் பாத்தவரைக்கும் அதை விடப் பெருசு, குழுல ஊக்குநரா இருந்த பொம்பளைங்க தான் முதல் முதலா அந்த சேர்ல உக்காந்தாங்க. பத்துப் பேரா வந்து, லெட்ஜரைத் திருப்பி, "எங்க கணக்குல இருபத்தஞ்சு ரூபா இடிக்குது, பாருங்க சார்"ன்னு கேட்டாங்க.

இதே குழு முறைல சேமிப்புங்கிற பகுதியை வெட்டிட்டு கடனை மட்டும் எடுத்துக்கிட்டது தான் மைக்ரோஃபைனான்ஸ். ஆளுங்க குழு லோன்னு ரெண்டையும் ஒரே பேர்ல சொல்றதால குழப்பம். ஆந்திரால 2010ல ஒரே வீட்டுல நாலஞ்சு கம்பெனி கடன், வாரா வாரம் வசூல், கட்ட முடியலன்னா வாசல்ல உக்காந்துக்குறது, தற்கொலைகள், அக்டோபர்ல அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு, வசூல் அப்படியே நின்னு போச்சு. 2022லேர்ந்து ரிசர்வ் பேங்க் ரூல்படி, எல்லாக் கடன் தவணையும் சேர்த்து குடும்ப மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. ஆனா வருமானம் எவ்ளோன்னு எழுதுறது கடன் குடுக்க வர்ற அந்தப் பையன், அவனுக்கும் டார்கெட். தமிழ்நாட்டுல கந்துவட்டிக்கு 2003லயே சட்டம் இருக்கு, இருந்தும் 2017ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு குடும்பமே தீ வச்சுக்கிட்டது, அதை இன்னும் என்னால நினைக்க முடியல. 2025ல கட்டாய வசூலுக்கு எதிரா இன்னொரு சட்டமும் வந்திருக்கு. சட்டம் வேணும் தான், ஆனா வசூலை நிறுத்துற சட்டம் காலைல நாலு மணிக்குப் பூ ஏலத்துக்குக் காசு குடுக்காது.

உங்க பெரியம்மாவுக்கு நான் சொல்றது. பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு நீங்க கூடவே போங்க, தனியா அனுப்பாதீங்க. அது ஜன் தன் கணக்கு தானா, மினிமம் பேலன்ஸ் இல்லாதது தானான்னு கேளுங்க, இல்லன்னா மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. ஓவர்டிராஃப்ட் வேணும்னு வாயால கேக்காம எழுத்துல குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்ட நகல் வாங்குங்க, நகல் இருந்தா பதில் வரும், என் அனுபவம். நகராட்சில தெரு வியாபாரி அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பரிந்துரைக் கடிதம் கேளுங்க, அது இருந்தா ஸ்வநிதி கடன், அதாவது தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசு திட்டக் கடன், 2020ல பத்தாயிரத்துல ஆரம்பிச்சது இப்ப முதல் தடவைக்கு 15,000, ஜாமீன் கிடையாது, ஒழுங்கா கட்டுனா 7% வட்டி மானியம் அக்கவுண்ட்டுக்கே வரும், அடுத்து 25,000, அப்புறம் 50,000. பூ வியாபாரத்துக்கு இதை விடப் பொருத்தமானது எனக்குத் தெரிஞ்சு இல்ல. வருஷம் 20 ரூபா விபத்துக் காப்பீடு இருக்கு, ரெண்டு லட்சம், அதுக்கும் கையெழுத்துப் போட்டுட்டு நாமினி பேர் இருக்கான்னு பாருங்க.

தண்டலை ஒரே நாள்ல விடச் சொல்லாதீங்க, கடன் வந்து கைல நிக்கிற வரைக்கும் அந்த ஆள் தான் அவங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு இருக்கார். பழைய தண்டல் முடியட்டும், புதுசு எடுக்காம ஸ்வநிதி பணத்துல ஏலம் எடுக்கட்டும், தண்டலுக்குக் கட்டுற அந்த நூறு ரூபால ஐம்பதை தினம் உண்டியல்ல போட்டு வாரக் கடைசில அக்கவுண்ட்ல கட்டட்டும். மாசத் தவணையும் அதுலயே கழிஞ்சிடும், மீதி நிக்கும். பேங்குக்குப் போறப்ப காலைல பதினொரு மணிக்கு மேல போங்க, கூட்டம் குறைஞ்சிருக்கும், உள்ள போனதும் பெரியம்மாவை முதல்ல அந்த சேர்ல உக்கார வைங்க, அப்புறம் பேச்சை ஆரம்பிங்க.